ஏழாம் சுற்றில் இல்லாத பெயர்

அவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பத்து நிமிஷம்' என்பார்கள். முகத்துக்கு நேராக என்றால் மரியாதைக்கு ஓர் 'அக்கா' சேரும். முதுகுக்குப் பின்னால் அதுவும் கிடையாது. அவள் நடத்தும் போட்டியில் சுற்று தொடங்கும் மணி அடித்துப் பத்து நிமிடத்துக்குள் நாற்காலியில் உட்காராதவர் தோற்றவர். பஸ் நின்றுவிட்டது, வயிற்றைக் கலக்கியது, மாமனார் போன் செய்தார் என்று என்ன கதை அளந்தாலும் அவள் காதில் ஏறாது. "மூணு வருஷமா உங்க போட்டிக்கு வர்றேன்க்கா" என்று ஒருவர் கெஞ்சியபோது, "அப்ப மூணு வருஷமா விதியும் தெரியும்ல?" என்று கேட்டு அனுப்பிவைத்தவள்.

வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்களில் பெயர் ஒட்டவேண்டும். பெயர் மாறினால் ஒருவருடைய சர்க்கரை இன்னொருவர் தலையில் ஏறிவிடும். அதனால் "முழுப் பேர் சொல்லுங்க" என்று இரண்டு முறை கேட்டுத்தான் ஒட்டுவாள். பதினாறு வருடத்தில் ஒரு குழாயிலும் பெயர் மாறியதில்லை. அதே கைதான் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு வாடகை மண்டபத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேருக்குக் கார்டுப் போட்டி நடத்துகிறது.

கார்டு என்றதும் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "சீட்டாட்டமா? போலீஸ் வராதா?" என்று வீட்டு உரிமையாளர் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார். அந்தச் சீட்டு இல்லை. பூதமும் வீரனும் மந்திரவாதியும் படம் போட்ட கார்டுகள். கடையில் உறை உறையாக விற்கும். பிரித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். வாங்கியதையும், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டதையும் வைத்து அறுபது கார்டு சேர்த்துக்கொண்டு எதிராளியோடு மோதவேண்டும். ஒரு காலத்தில் கார்டுக் கம்பெனியே போட்டி நடத்தியது. ஆள் சேரவில்லை என்று ஒருநாள் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டது. சேர்த்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பியவள் இவள். பதினோரு வருடத்துக்கு முன்பு அவள் நடத்திய முதல் போட்டிக்குப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒருவன் அவள் தம்பி.

தம்பி அவளைவிட ஏழு வயது இளையவன். லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் இருவரும் ஒரே கட்டிலில் கார்டுகளைப் பரப்பி ஆடி, தோற்கிற நாளில் அவன் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவான். அவள் ஆட்டத்தை விட்டு நடத்துவதில் இறங்கியபோது மேசைக்கு எண் ஒட்டியதும், நாற்காலி தூக்கியதும், மைக்குக்கு ஒயர் இழுத்ததும் அவன்தான். எல்லாம் முடித்துவிட்டு ஆட உட்காருவான், நன்றாகவும் ஆடுவான். அவளுக்கு அவன் என்றால் உயிர். இதைச் சொல்லியே ஆகவேண்டும். அவள் செய்ததை மட்டும் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

அது நடந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. ஆட வருகிற ஒவ்வொருவரும் தன்னிடமுள்ள அறுபது கார்டின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். நடுவில் யாரும் கார்டை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அன்று அவன் அக்காவுக்காக நூறு மேசைகளை இழுத்துப் போட்டுவிட்டு, வியர்வை வழிய அவசர அவசரமாக எழுதினான். ஐம்பத்தொன்பதுதான் எழுதியிருந்தான். கடைசிச் சுற்றுக்கு முன்பு தாளைச் சரிபார்த்தபோது அது வெளியே வந்தது. தலைமை நடுவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருபவர், எல்லோருக்கும் வாத்தியார். அவர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"மறதிதாம்மா. ஏமாத்துற எண்ணம் இல்ல. எச்சரிக்கை கொடுத்து விட்டுடலாம். போன தடவை ஒருத்தருக்கு அப்படித்தானே செஞ்சோம்?"

"அது வேற யாரோ சார். இவன் என் தம்பி. இவனை விட்டா அக்கா விட்டுட்டான்னு ஊரே பேசும்."

ஆட்டம் தோல்வி என்று எழுதப்பட்டது. அவன் வாத்தியாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம் வந்து, "வேற யாராவது இருந்தா விட்டிருப்பல்ல?" என்று மட்டும் கேட்டான். அவள் கையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்பதுதான் பதில். அது இருவருக்கும் தெரியும்.

அதோடு பேச்சு நின்றது. அவனோடு இருக்கும் அம்மாதான் இரண்டு பக்கமும் செய்தி சொல்பவள். "ஒரு அட்டைக்காகவாடி ரெண்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று போனில் புலம்புவாள். அவள் தம்பியிடம் தப்புடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். வாய்க்குள் முத்தா இருந்தது, சிந்திவிடும் என்று பயப்பட? ஆனால் எத்தனை பேருக்கு நியாயம் பேசினாளோ, அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தைக்குக் குறுக்கே வந்து நின்றார்கள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மூன்று வருடம் போய்விட்டது.

இந்தத் தடவை பதிவுப் பட்டியலில் இருநூற்றுப் பதினோராம் இடத்தில் அவன் பெயர் இருந்தது. அவள் மூன்று முறை படித்தாள். அன்று கூடத்தில் ரத்தம் கொடுக்க வந்த ஒருவர், "என்னம்மா, பாட்டெல்லாம் பலமா இருக்கு" என்றபோதுதான் தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரிந்தது. முடிவு செய்துவிட்டாள். கடைசியான ஒன்பதாம் சுற்று முடிந்ததும் நேரே அவனிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவது. அதற்கு முன்னால் அவனோடு பேசினால், அமைப்பாளர் தம்பியோடு குசுகுசுக்கிறாள் என்று யாராவது சொல்வார்கள். எங்கே போனாலும் இந்த ஊர்ப்பேச்சு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும்.

போட்டியன்று அவன் வந்தான். நீல வேலைச் சட்டையோடே வந்திருந்தான். இருவரும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். உடனே இருவரும் வேறெங்கோ பார்த்தார்கள். முதல் சுற்றில் ஜெயித்தான். இரண்டிலும் மூன்றிலும் ஜெயித்தான். நான்கில் தோற்றான். தோற்றவரும் ஒன்பது சுற்றும் ஆடலாம். ஐந்திலும் ஆறிலும் மறுபடி ஜெயித்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேசையிலிருந்து ஒரு ஸ்லிப் வரும். அதில் ஆடிய இருவர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'விலகல்' என்று ஒரு சின்னக் கட்டம். இனி ஆடப்போவதில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்பவர் தன் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போகலாம். அவரைக் கணினியில் விலகியவர் என்று குறித்துவிட்டு, மீதிப் பேருக்கு அடுத்த சுற்றின் ஜோடிகளைத் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவார்கள்.

ஆறாம் சுற்றில் அவனிடம் தோற்றவர் ஒரு பல் டாக்டர். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், நின்றபடியே டிக் போட்டார். டாக்டர் கையெழுத்து என்றால் கேட்கவேண்டுமா? டிக்கின் கால் அவர் கட்டத்தில் இருந்தது. வால் மேலே நீண்டு தம்பியின் கட்டத்துக்குள் நுழைந்திருந்தது. இப்படிச் சந்தேகமாக ஒரு ஸ்லிப் வந்தால் அவள் மைக்கில் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்பாள். பதினோரு வருடமாக அதுதான் வழக்கம். ஆனால் அன்று காலையிலிருந்தே தம்பியின் ஸ்லிப் வந்தால் மட்டும் அவள் அதை நின்று பார்ப்பதில்லை. மற்றவர்களுடையதைப் பார்க்கிற நேரத்தில் பாதிகூட அதைப் பார்க்காமல் சட்டென்று கணினியில் அடித்து ஓரமாக வைத்துவிடுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் எதையும் நினைத்துவிடக் கூடாதாம். அந்தச் சட்டென்று அடித்ததில் விலகியவர் என்று தம்பியின் பெயர் ஏறியது. யாருடைய குழாயிலும் மாறாத பெயர், கூடப் பிறந்தவனுடையது மாறிப்போயிற்று.

ஏழாம் சுற்றின் தாளை ஒட்டினார்கள். கூட்டம் மொய்த்துக் கலைந்தது. மணி அடித்தாள், நேரம் ஓடத் தொடங்கியது. நாலு நிமிடம் கழித்து நாற்பத்து மூன்றாம் மேசையிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் கை தூக்கினார்.

"அக்கா, என் எதிராளி இன்னும் வரல. அந்தப் பல் டாக்டர் பேரைப் போட்டிருக்கு."

பக்கத்து மேசைக்காரர் தலையைத் திருப்பி, "அவரு அப்பவே விலகிட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரே" என்றார்.

அவள் ஸ்லிப் கட்டைப் பிரித்துத் தேடினாள். டிக்கைப் பார்த்தாள். இப்போது தெளிவாகத் தெரிந்தது, யார் பார்த்தாலும் தெரியும். மைக்கை எடுத்துத் தம்பியின் பெயரைச் சொன்னாள். மூன்று வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் எழுந்திருக்கவில்லை.

வாசலில் தண்ணீர்க் கேன் அருகே நின்றிருந்த ஒரு பெண் சொன்னாள். "நீலச் சட்டை போட்டவரா? தாளை மேலயிருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை பார்த்தாரு. ஒண்ணும் சொல்லல. பையை எடுத்துக்கிட்டு வெளியே போயிட்டாருக்கா."

முந்நூறு பேரில் வேறு எவனாக இருந்தாலும் மேசைக்கு ஓடி வந்து கூரை பறக்கக் கத்தியிருப்பான். அவள் எழுந்தாள்.

"சார், நேரத்தை நிறுத்துங்க."

வாத்தியார், தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்பதுபோல் அவளைப் பார்த்தார். "என்னம்மா?"

"நிறுத்துங்க சார். அவன் டாக்டரோட இடத்துல உட்கார்ந்து ஆடட்டும். நான் கூட்டிட்டு வர்றேன்."

பதினோரு வருடத்தில் நடுச்சுற்றில் அவள் மண்டபத்தை விட்டு வெளியே போனதில்லை. படியில் ஒரு செருப்பு கழன்றது. எடுத்து மாட்ட நிற்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. அக்காவின் வெறுங்காலைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான்.

"தப்பு நடந்துபோச்சுடா" என்றாள், மூச்சு வாங்க. "டாக்டர் போட்ட டிக் உன் கட்டத்துல ஏறியிருந்துச்சு. நான்தான் சரியா பார்க்காம அடிச்சுட்டேன். இடம் இருக்கு, வா. நேரத்தை நிறுத்தி வச்சிருக்கோம்."

"நிறுத்தியா?" அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "நீயா நிறுத்தச் சொன்ன?"

"ஆமாடா."

"ஓடவிடச் சொல்லுக்கா. அத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க. பாவம்."

"ஏன்டா வந்து கேட்கல? என் பேர் எங்கன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா அப்பவே பார்த்திருப்பேனே."

அவன் பஸ் வரும் திசையைப் பார்த்தான். "அதைத்தான் நானும் இங்க உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன். தாள்ல பேர் இல்லேன்னதும் எனக்கு ஆச்சரியமே வரலக்கா. ஏதோ ஒரு விதி இருக்கும், நீ எடுத்திருப்பேன்னு தோணுச்சு. சரின்னு பையை எடுத்துட்டேன். ரோட்டைத் தாண்டினப்புறம்தான் அழுகை வந்துச்சு. கூடப் பிறந்தவளைப் பத்தி அப்படித் தோணிடுச்சேன்னு."

"தப்புடா" என்றாள். மூன்று வருடம் சுமந்த வார்த்தை, எந்தத் தடையும் இல்லாமல் வந்துவிட்டது. "அன்னைக்கும் தப்பு. இன்னைக்கும் தப்பு. எல்லாம் என் தப்பு. வாடா."

"தெரியும்க்கா. கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு." மெதுவாகத்தான் சொன்னான். "கோபம் இருந்திருந்தா வந்து சண்டை போட்டிருப்பேன்ல?"

பஸ் வந்தது. ஏறப்போனவன் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினான்.

"அம்மா உன்னையே கேட்டுக்கிட்டிருக்கா. வந்து பார்த்துட்டுப் போ." கொஞ்சம் நிறுத்தி, "பகல்ல வா. நான் வேலைக்குப் போயிருப்பேன்" என்றான்.

அவன் அதைக் குத்திச் சொல்லவில்லை. அவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்றுதான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பஸ் போன பிறகும் அதே இடத்தில் நின்று, சாலையில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். யார் என்ன நினைப்பார்கள் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பியபோது முந்நூறு பேரும் கார்டைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர் காலியான நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"வரலையாம்மா?" என்று வாத்தியார் கேட்டார்.

"வரல சார். ஓடவிடுங்க."

தவறு நடந்தால் அந்தச் சுற்று முடிவதற்குள் கணினியில் சரிசெய்துவிட வேண்டும் என்பது அவளே எழுதிவைத்த விதி. உட்கார்ந்தாள். பல் டாக்டரின் பெயரைத் தேடி, விலகியவர் என்று குறித்தாள். பிறகு தம்பியின் பெயருக்கு வந்தாள். அதற்கு நேரே விலகியவர் என்றுதான் இருந்தது. அதில் திருத்த ஒன்றும் இல்லை.