கண் திறக்காத அம்மன்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஏரிக்கரையைப் பூங்காவாக்கியபோது, சுவரில் ஓரிடத்தைக் கட்டாமல் விட்டிருந்தார்கள். அங்கே ஒரு கேட் வரும் என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்தே ஆயுளைக் கழித்த என் வீட்டுக்காரரைத் தினமும் நடக்க வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் சந்தில் ஆட்டோக்களுக்கு நடுவே அவரால் நடக்க முடியாது. கரைதான் அவருக்குத் தோது.

ஒரு நாள் மத்தியானம் பார்த்தால், அந்த இடத்தையும் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, மெயின் ரோட்டுப் பக்கம் பெரிய வாசல் இருக்கிறதே என்றார்கள். அவரை ஆட்டோவில் ஏற்றி அங்கே கூட்டிப்போனேன். அந்தப் பக்கம் சுவரே இல்லை, கம்பி வேலிதான். ரோட்டிலிருந்தே தண்ணீர் தெரிந்தது. வாசலுக்கு உள்ளே ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்வதுபோல ஒரு சிலை. லுங்கியோடு உள்ளே விட மாட்டேன் என்று காவலாளி நிறுத்திவிட்டார். இவர் சிலையைக் காட்டி, "அவன் சட்ட கூட போடல, அவன மட்டும் உட்டுக்கினீங்களேபா" என்றார். காவலாளியும் சிரித்தார். ஆனால் விடவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு போகலாம்தான். தினமும் ஆட்டோவுக்கு எங்கே போவது?

பிறகு எங்கள் பக்கத்துச் சுவரில் படம் எழுத ஓர் ஓவியர் வந்தார். அந்தப் பக்கம் தறிக்காரர், மீன், கொக்கு என்று சிலை வைத்தவர்கள், இங்கே மட்டும் சாமி படமாக எழுதச் சொல்லியிருந்தார்கள். பிள்ளையார், முருகர், கேட் வரவேண்டிய இடத்தில் சரியாக அம்மன். தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி இருக்கிற சுவரை இனி யார் இடிப்பார்கள்? இடிக்கச் சொல்லிக் கேட்க எனக்கே வாய் வருமா?

வெள்ளிக்கிழமை கண் திறப்பு. ஓவியர் தலைக்குக் குளித்து, பட்டினியாக வந்திருந்தார். எதிர்வீட்டுக்காரி கற்பூரத் தட்டோடு காத்திருந்தாள். கண் எழுதிக் கற்பூரம் காட்டிவிட்டால் அது அம்மன். அதுவரைக்கும் சுவர்தான்.

இந்த இடத்தை யார் காட்டியது என்று ஓவியரிடம் கேட்டேன்.

"பார்க்கு கட்றவங்கதாம்மா கோடு கிழிச்சிக் காட்னாங்க. அம்மன் கரெக்டா இங்கதான் வரணும்னாங்க."

கை கூப்பிச் சொன்னேன்: "கண்ண மட்டும் எழுதாதப்பா."

"அப்டியே உட்டா எனுக்குப் பாவம்மா."

"பாவம் என் தலைல இருக்கட்டும். இங்க வாசல் வெச்சதும் பக்கத்துலயே வேற அம்மன எழுது. மொத பூவு நான் வெக்கிறேன்."

சுவரைப் பிடித்தபடி நின்றிருந்த என் வீட்டுக்காரரை ஓவியர் பார்த்தார். பெயிண்ட் டப்பாவை மூடினார். எதிர்வீட்டுக்காரி, "சாமிக்கே கண்ணு வாணாம்னு சொல்ற பொம்பளய இப்பதான் பாக்குறேன்" என்று தட்டோடு உள்ளே போய்விட்டாள். இன்னும் என்னோடு பேசுவதில்லை.

கேட் இதுவரை வரவில்லை. வேறு யாரையாவது விட்டுக் கண்ணை எழுதிவிடுவார்களோ என்று பயம். விடிந்ததும் கோலம் போடுவதற்கு முன்னால் போய் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அங்கே கும்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, பொறுத்துக்கொள் தாயே என்று அவளிடமே சொல்கிறேன்.