சட்டைப் பையில் ஃபியூஸ்

வயரிங் வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கூட வேலை பார்க்கும் மச்சினன் ஏணியில் கால் வைக்கும் முன் மெயின் போர்டிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் வேலை முடியாமல் தரமாட்டார். இருபது வருடத்தில் மச்சினனுக்கு ஒருமுறைகூட ஷாக் அடித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர்தான், பல்கலைக்கழகத்தில் ஃபேன் மாட்டப் போன இடத்தில், "ஞாபகசக்தி ஆராய்ச்சி, ஒரு மணி நேரம் உக்காருங்க," என்று பேராசிரியர் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் பாடம் ஒப்பிப்பான். தப்பாகச் சொன்னால் இவர் ஸ்விட்சைத் தட்டி ஷாக் கொடுக்க வேண்டும். தப்புக்குத் தப்பு அடுத்த ஸ்விட்ச், வோல்ட் ஏறும்.

கரண்ட் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அந்தக் கட்டிடத்திலேயே இவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இருநூறு தாண்டியதும் சுவருக்கு அப்பால் அலறல் கேட்டது.

"போதும் சார். செத்துடுவான்."

"நீங்க பண்ணுங்க. பொறுப்பு என்னோடது."

வியர்த்து வழிய, கடைசி ஸ்விட்ச் வரை தட்டினார். அதற்குள் அலறலும் நின்றிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு அந்த ஆள் சிரித்தபடி வந்து கைகுலுக்கினான். எல்லாம் நடிப்பாம். அந்தப் பக்கம் கரண்டே போகவில்லையாம். "முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்றாங்க, கவலைப்படாதீங்க," என்று பேராசிரியர் ஒரு தாளை நீட்டினார். தனக்குப் பாதிப்பு எதுவுமில்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார். இவர் அதையும் போட்டார். ஒரு மனிதனை உரித்துக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போ என்று அனுப்புவதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டுமோ!

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, விடுங்க," என்றாள் மனைவி.

"கரண்ட் இல்லன்னு எனக்குத் தெரியாதே."

பத்து நாள் சாப்பாடு இறங்கவில்லை. பொறுக்கமாட்டாமல் மச்சினனிடம் சொன்னார். முதலில் சிரித்தான்.

"அவன் கத்துனது உங்க காதுல விழலையா, மாமா?"

"விழுந்துது."

அதன்பின் அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு புது வீட்டில் ஏணி சாய்த்தார்கள். வழக்கம்போல இவர் கை ஃபியூஸுக்குப் போனது. மச்சினன் முந்திக்கொண்டான்.

"நானே வச்சுக்கறேன், மாமா."

பிடுங்கித் தன் பையில் போட்டு, முகத்தைப் பார்க்காமல் ஏறினான். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் செய்ததுதான் சரி என்று அவருக்கே தோன்றியது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.