கூடுகளுக்குக் கட்டிய பனியன் துணி

பல்லடம் பஸ்ஸின் ஹாரன் கேட்கும் தூரத்தில் ஒரு தீவு இருக்கிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பெரிய குளத்தின் நடுவே கருவேல மரங்கள் அடர்ந்த மண்திட்டு. நீர்க்காகங்கள் அங்கே குஞ்சு பொரிக்கும். எந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. இரண்டு மாதம் கூடாரம் போட்டுக் கிடந்தேன். பரிசல்காரருக்கு மனசு வந்தால்தான் அரிசி வரும். எச்சத்தின் நாற்றம் சோற்றில்கூட ஏறிவிட்டது. போனில் டவர் மட்டும் நன்றாகக் கிடைத்துத் தொலைத்தது. அண்ணன் தினமும் கூப்பிடுவார்.

"காக்காயெ எண்ணறதுக்கா கண்ணு இத்தன படிச்சே? ஊட்டுக்கு வந்து சேரு."

கூடுகளுக்கு எண் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் அட்டை அனுப்பச் சொல்லி அலுவலகத்திடம் கேட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். எங்கள் திருப்பூரில் கேட் முதல் வாழைத்தார் வரை எதைக் கட்டவும் பனியன் வெட்டி மிஞ்சும் வேஸ்ட் துணிதான். வீரபாண்டியில் கட்டிங் யூனிட் வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டேன். மறுநாளே ஒரு மூட்டை ஆரஞ்சுத் துணிக் கீற்றுகள் வந்தன. முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு, ஒவ்வொரு கூட்டின் கிளையிலும் எண் எழுதிக் கட்டினேன்.

மூன்றாம் நாள் பாதிக் கிளைகள் மொட்டையாக நின்றன. அடுத்த கூட்டுச் சுள்ளியையே திருடும் பறவை துணியை விட்டுவைக்குமா? பன்னிரண்டாம் எண் நாற்பதாம் கூட்டுக்குள் கிடந்தது. நீர்க்காகத்தின் வம்சத்தையே திட்டித் தீர்த்தேன்.

அப்போதுதான் ஒரு குஞ்சு விடாமல் கத்துவது காதில் விழுந்தது. ஏணி வைத்து ஏறினேன். அதன் காலில் ஆரஞ்சுத் துணி. பனியன் துணியை இழுத்தால் சுருண்டு கயிறாகிவிடும். திருப்பூரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? குஞ்சு உதற உதறக் கட்டு இறுகி, கால் கறுத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது செத்துக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் போன்.

"துணி போதுமா கண்ணு? இன்னொரு மூட்டெ அனுப்பட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாமுங்ணா! உங்க துணி குஞ்சக் கொன்னுருச்சு!" என்று கத்தினேன்.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை.

"துணியக் குடுத்தது நாந்தான் கண்ணு. கட்டுனது ஆரு?"

போனை வைத்துவிட்டு, மிச்சத் துணிகளை அவிழ்க்க ஏணியை அடுத்த மரத்துக்கு நகர்த்தினேன்.