“பாத்தவன் யாருலே?”

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சேதி வந்தபோது நான் தலைக்கு டை பூசி, இடுப்பில் துண்டோடு வாசலில் காய்ந்துகொண்டிருந்தேன். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து முருகன் போன் செய்தான்.

“அண்ணாச்சி, மைதீன் சார் தவறிட்டாகளாம்.”

“உனக்கு யாருலே சொன்னா?”

“பால்காரரு.”

“அவருக்கு?”

“அவரு உள்ள போய்ப் பாத்துட்டுத்தான் வாராரு.”

அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கேள்வி சாரிடமிருந்து எனக்குத் தொற்றியது. கடையநல்லூர்க்காரர். கல்லூரியில் அரபு நடத்தி ஓய்வு பெற்று, தென்காசியில் தனியாக இருந்தார். என் ஆட்டோவில்தான் எங்கும் போவார். பழைய அரபுப் புத்தகங்களில் ஆட்களின் வாழ்க்கையை எழுதும் முறை என்றால் அவருக்கு உயிர். ஒருவரைப் பற்றிய சேதியை யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று, கண்ணால் பார்த்தவர் வரைக்கும் பெயர்கள் வர வேண்டுமாம். நான் ஸ்டாண்டு வம்பு எதையாவது அவிழ்த்தால் பின்சீட்டிலிருந்து குரல் வரும்: “பாத்தவன் யாருலே?” வம்பு அங்கேயே செத்துவிடும்.

அவருடைய ஒரே மகன் அப்பாஸ், உலகத்தின் வடகோடியில், பனி மூடிய மலைகளில் ஆறுகளை அளக்கும் வேலை பார்த்தார். அந்தக் காலத்திலேயே அந்தப் பக்கம் போனவர்களைப் பற்றி அரபுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார் சார். கோடையில் அங்கே சரியாக இருட்டவே இருட்டாதாம். இரவுத் தொழுகையை எப்போது தொழுவது என்று திகைத்தார்களாம்.

“அப்ப அங்கன ஆட்டோவுக்கு நைட் ரேட்டே கிடையாதா சார்?”

சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மகனுக்கும் போனில் சொன்னார்.

பிறகு ஒரு நாள் அப்பாஸின் கம்பெனியிலிருந்து சாரிடம் போனில் பேசினார்கள். மலையாற்றில் படகு கவிழ்ந்துவிட்டது, உடல் கிடைக்கவில்லை, இறந்ததாகவே கொள்ள வேண்டும் என்றார்கள்.

“நீங்க பாத்தீகளா?” என்றார் சார்.

இல்லையாம். முகாமிலிருந்து ஆபீசுக்கு வந்த சேதியாம்.

“அப்ப இத எடுத்துக்கிட முடியாது.”

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு டீ கொடுத்து, “பய வந்திருவான்” என்று சொல்லி அனுப்பினார். இரண்டு வருஷம் இப்படியே போனது. யாரையும் கேலி பேசும் எனக்கு, அந்த வாசலில் மட்டும் வாய் எழும்பவில்லை.

அப்புறம், அப்பாஸோடு வேலை பார்த்த கேரளத்துப் புனலூர்க்காரர் ஒருவர், லீவில் ஊருக்கு வந்தபோது சாரைத் தேடி வந்தார். ஸ்டேஷனிலிருந்து நான்தான் கூட்டிப்போனேன். சார் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“நீங்க யார்ட்ட கேட்டீக?”

“கேட்டதல்ல சாரே. ஞானும் அந்தப் படகில உண்டு. அவன் கையப் பிடிச்சேன். பிடி நிக்கல.”

சார் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: “தண்ணி ரொம்பக் குளிரா இருந்துச்சா தம்பி?”

வந்தவர் அழுதுவிட்டார். சார் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். “சரி. பாத்தவரே சொல்லிட்டாரு.” அன்றைக்குத்தான் மகனுக்காக ஓதினார்.

அதிலிருந்து வெள்ளிதோறும் ஜும்மா முடிந்து குற்றாலம் போகச் சொல்வார். குளிக்க மாட்டார். அருவி விழுந்து ஓடும் தண்ணீரில் கையை விட்டபடி குனிந்து நிற்பார். “காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்கு டபுள் ரேட்டு சார்” என்றேன் ஒரு தடவை. சிரித்தார். கையை எடுக்கவில்லை.

சாரின் நல்லடக்கத்தில் நானும் மண் போட்டேன். போய் வாருங்கள் சார். அப்பாஸ் தம்பியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். அன்று வெள்ளி. இலஞ்சி வந்த பிறகுதான் குற்றாலத்துக்குப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. ஓர் அம்மா கை காட்டி நிறுத்தினார்.

“வண்டி காலிதான அண்ணாச்சி?”

“இல்லம்மா, ஆள் இருக்கு.”

அவர் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார்.