மருமகள் காத்திருந்த இரண்டாவது ரிப்போர்ட்

போன வருடம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த சமயம். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில், எங்கள் வீட்டில் நடந்தது இது. மகன் பட்டாசு லோடு விஷயமாக வடக்கே போயிருந்தான். வீட்டில் நான், என் மனைவி, மருமகள் மூன்று பேர்தான்.

நான் வேதியியல் படித்தவன். ஒரு பட்டாசுக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றேன். வந்து இறங்கும் வெடியுப்பில் ஒரு பிடி சாம்பிள் எடுத்துச் சோதிப்பேன். ஈரம் கூடுதலாக இருந்தால் லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவேன். என் முடிவுக்கு முதலாளியே மறுபேச்சுப் பேச மாட்டார். அந்தப் பழக்கத்தில், தெருவில் யார் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கொண்டுவந்தாலும் வாங்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து மருமகள் உண்டாகியிருந்தாள். இரண்டாம் மாதத்தில் ரத்தம் பட ஆரம்பித்தது. என் மனைவி அவளை விருதுநகரில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் எதுவும் தெரியவில்லை. கலைந்திருக்கலாம், ஆனால் இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது என்ற டாக்டர், பீட்டா எச்.சி.ஜி. என்கிற கர்ப்பகால ஹார்மோனின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொன்னார்.

ரிப்போர்ட் வந்தது. எந்த வாரத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதன் அடியிலேயே அச்சடித்திருந்தது. அவளுடைய அளவு அதைவிட வெகுவாகக் குறைவு. நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"கலஞ்சு போச்சும்மா. இனி ஒண்ணுமில்ல. படுத்து உடம்பத் தேத்து."

"நாளான்னைக்கு அதே லேப்ல மறுபடி எடுக்கச் சொல்லியிருக்காங்க மாமா. ஒரு அளவ மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாதாம். ஏறுதா, எறங்குதான்னு பாக்கணுமாம்."

"முடிஞ்சு போனதுக்கு எதுக்கு இன்னொரு ஊசி?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சாத்தூரில் இருக்கும் அவள் பெற்றோருக்கு போன் போட்டு, கலைந்துவிட்டது என்று சொன்னேன். மகனுக்கும் சொன்னேன். சொல்லட்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டர் சொன்ன நாள் காலையில் மருமகள் புறப்பட்டு நின்றாள். என் மனைவி அவளுக்கு உளுந்தங்களி கிண்டுவதற்காக உளுந்து வறுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒடம்போட பஸ்ல குலுங்கிட்டுப் போகணுமா? நான் பாத்துச் சொன்னது பத்தாதா?" என்றேன்.

"நீங்க ரிஜெக்ட் பண்ண நான் என்ன வெடியுப்பு லோடா மாமா?" என்று லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "வலது பக்கம் அடிவயித்துல மட்டும் சுருக்குன்னு இழுக்குது. என்னன்னு தெரியாம என்னால படுக்க முடியாது."

என் மனைவி கரண்டியை என் கையில் கொடுத்தாள். "நீங்க ரிட்டயராகி வருசமாச்சு. உளுந்து கருகாமப் பாருங்க. நான் அவகூடப் போறேன்."

மதியம் மனைவியிடமிருந்து போன் வந்தது. கலைந்திருந்தால் அளவு இறங்கியிருக்க வேண்டும். நல்லபடியாக வளரும் கரு என்றால் வேகமாக ஏறியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் கொஞ்சம்போல ஏறியிருந்தது. டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி ஸ்கேன் செய்ததில், கரு வலது பக்கக் கருக்குழாயில் தங்கியிருப்பது தெரிந்தது. விட்டிருந்தால் குழாய் வெடித்து, உள்ளேயே ரத்தம் கொட்டி, உயிருக்கு ஆபத்தாகியிருக்கும். வெடிப்பதைப் பற்றியே பேசிப் பிழைத்தவன் நான். அன்று அந்தச் சொல்லைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். காலையில் நான் கருகவிட்ட உளுந்து வாணலியிலேயே கிடந்தது.

சீக்கிரமே தெரிந்துவிட்டதால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஊசி மருந்து கொடுத்தார்கள். ஆனால் ஹார்மோன் முழுவதும் மறையும்வரை ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். சீசன் முடியாததால் மகனால் வந்து தங்க முடியவில்லை; அதற்கெல்லாம் நான்தான் துணைக்குப் போனேன். ஊசி போட்டபின் எடுத்த முதல் ரிப்போர்ட்டில் அளவு ஏறியிருக்க, நான் பதறிப்போனேன்.

"ஏறிட்டுத்தான் எறங்கும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாங்க மாமா. நீங்க பதறாதீக" என்றாள். அவள் சொன்னபடியே அடுத்த முறை இறங்கியது.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், "என்னத்தா, விசேசம் உண்டா?" என்று கேட்டாள். எனக்கு முகம் சுருங்கியது. மருமகள் தலை குனியவில்லை. "இருந்துச்சு, தங்கல. இப்ப என் ஒடம்பப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் இறங்கிய பிறகு மருமகளிடம் மெதுவாகச் சொன்னேன். "நான் தப்புப் பண்ணிட்டேன் தாயி."

"ரிப்போர்ட்டத் தப்பாப் பாத்தத நான் மறந்துட்டேன் மாமா. எங்க வீட்டுக்கு நீங்க போன் போட்டீகள்ல, அதுதான் இன்னும் ஆறல. அத நான்ல சொல்லியிருக்கணும்."



கடைசியாக ஒருநாள் ரிப்போர்ட்டில் ஹார்மோன் அறவே இல்லை என்று வந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். இனி பயமில்லை என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மருமகள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சேதிதானே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இனி சுத்தமா இல்ல மாமா" என்றாள். இத்தனை வாரங்களில் அன்றுதான் அவள் அழுது பார்த்தேன்.

அவள் உயிருக்கு ஆபத்தாக இருந்த அதே எண், அவள் பிள்ளை இருந்ததற்கு மிஞ்சிய ஒரே அடையாளமாகவும் இருந்திருக்கிறது. அது இறங்க வேண்டும் என்று தானே கேட்டு, தானே ஊசிக்குக் கை நீட்டி, அது மறையும்வரை கூடவே போயிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை சாத்தூருக்கு நான் போன் போடவில்லை. அழுது முடித்து, அவளே போட்டுச் சொன்னாள்.

இப்போதும் தெருவில் யாராவது ரிப்போர்ட்டை நீட்டினால் எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேட்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். என் தீர்ப்பை மதிக்காமல் அன்று காலை என் மருமகள் படியிறங்கிப் போனதால்தான், இன்று என்னை மாமா என்று கூப்பிட ஒரு குரல் இருக்கிறது.