ஒட்டுப்பால் வளையம்

மாவனல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே மழை நின்ற பிறகும் மரம் சொட்டுவது நிற்காது. எந்த மரம் மூக்கையா பால் வெட்டியது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். வெட்டு ஒரே சரிவாக இறங்கியிருக்கும். கத்தி பட்டைக்குள் போகும், கட்டையைத் தொடாது. கட்டையைத் தொட்டால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் பட்டை மறுபடி சரியாக வளராது, வெட்டியவனுக்கு அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். மூக்கையாவுக்கு அரைப் பேர் விழுந்ததே இல்லை. புதிதாகக் கத்தி பிடிக்கிறவர்களை அவனுடைய மரங்களைப் பார்த்துவிட்டு வரச்சொல்லிக் கங்காணி அனுப்புவார். ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டும் அவனுடைய அக்கா சுப்பம்மா காதுக்கும் இது போகும். அன்றைக்கு அவன் சோற்றில் ஒரு கருவாட்டுத் துண்டு கூடுதலாக இருக்கும்.

அவனை வளர்த்தவள் அவள்தான். தாய் காய்ச்சலில் முந்தியே போய்விட்டாள். தகப்பன் இருளப்பன் படுக்கையில் விழுந்தபோது மூக்கையாவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. தகப்பன் செத்த விதத்தை, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். கை சூம்பியது, பிறகு கால் சூம்பியது, கடைசியில் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. வாயைத் திறந்தால் நாக்கு முழுக்கப் புழு ஓடுவதுபோல நெளியும். மூக்கையாவின் மனதில் தங்கியது அந்த நாக்கு ஒன்றுதான். மற்றதெல்லாம் சுப்பம்மாவுக்குத்தான் தெரியும். தூக்கியதும் துடைத்ததும் அவள்.

ஓப்பநாயக்கத் தோட்டத்தில் இருந்த மாமன் மகள் வெள்ளையம்மாவை அவனுக்கு நிச்சயம் செய்து வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அந்த வருஷத்து மழைக்காலத்தில்தான் அவனுக்குத் துடிப்பு ஆரம்பித்தது. முதலில் வலது பெருவிரலுக்குப் பக்கத்துச் சதை. பிறகு கெண்டைக்கால், புஜம், கண் இமை. தோலுக்கு அடியில் தலைப்பிரட்டை நெளிவதுபோல ஓரிடத்தில் ஓடும், நிற்கும், வேறு இடத்தில் கிளம்பும். வலி இல்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் வரிசையாக நின்ற ஆட்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

"ஆம்பளைக்கு வலது கை துடிச்சா நல்லதுடா மாப்பிள்ளை. பொண்ணு வருது."

"கெண்டைக்காலும் துடிக்குதே."

"மாமியாரும் கூடவே வருது."

மூக்கையாவும் சிரித்தான். கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பூச்சி மருந்தும் கொயினா மாத்திரையும் கொடுத்தார். ஊருக்குள் இருந்த சிங்கள வைத்தியர் வெதமாத்தயா நாடி பார்த்து, வாதம் என்று ஒரே சொல்லில் முடித்து எண்ணெய் கொடுத்தார். பூச்சி போனது. எண்ணெயும் தீர்ந்தது. துடிப்பு அப்படியே இருந்தது.

ஒருநாள் பால் வெட்டப் போகுமுன் லயத்து வாசலில் அவன் தண்ணீர் வாளியைத் தூக்கி, கையை முன்னால் நீட்டிப் பிடித்தபடி நின்றதைச் சுப்பம்மா பார்த்தாள். கை நடுங்கி வாளி தளும்பியது.

"என்ன தம்பி வேலை இது?"

"கையில பலம் இருக்கான்னு பாக்கிறேன்."

"இல்லாமத்தான் வாளி நிக்குதா? எறக்கி வை."

அவன் இறக்கவில்லை. தினமும் அப்படி நின்றான். தினமும் நின்றதால் தோள் வலித்தது, வலித்ததால் கை சோர்ந்தது, சோர்ந்ததைத் தகப்பனுடைய நோய் என்று எடுத்துக்கொண்டான். அதோடு விடவில்லை. கண் விழித்ததும் அவள் முன்னால் குந்தி வாயைத் திறப்பான்.

"பாருக்கா. நெளியுதா?"

விளக்கைப் பிடித்துப் பார்ப்பாள். எல்லார் நாக்கும் அசைவதுபோல அது அசையும்.

"ஒண்ணுமில்ல, மூடு. இங்க பாரு தம்பி, அப்பாவுக்கு மொதல்ல துடிக்கல. மொதல்ல கத்தி கையில நிக்கல. பால் சிரட்டைய எடுக்க முடியல. பெருவிரல் பக்கத்துல குழி விழுந்துச்சு. துடிப்ப நான் பாத்தது அதுக்கெல்லாம் பெறகு. ஒனக்கு மரத்துல ஒரு காயம் விழுந்திருக்கா?"

"இனிமே விழும்."

"அப்பாவப் பாத்துக்கிட்டது நீயா, நானா?"

"நீ என்னத் தேத்துறதுக்குச் சொல்ற."

அவள் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு வரிசை தப்பாமல் நினைவிருந்தது. ஆனால் நாளைக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல அவளிடம் என்ன இருந்தது? அதைத்தான் அவன் கேட்டான்.

கை சூம்புகிறதா என்று அறிய மூக்கையா ஒரு வழி கண்டுபிடித்தான். வெட்டில் உறைந்த பாலை நாடாவாக உரித்து எடுப்பார்கள், அதை ஒட்டுப்பால் என்பார்கள். ஈரம் காயாத ஒட்டுப்பால் தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு நாடாவை முழங்கைக்குக் கீழே இறுக்கிச் சுற்றி முனைகளை அழுத்தி ஒட்டவைத்தான். வளையம் தோலோடு பிடித்து நின்றது. சட்டைக் கையை இறக்கி மூடினான். தளர்ந்தால் சதை போகிறது என்று கணக்கு.

மழைக்காலம் முடியுமுன் வளையம் தளர்ந்தது. ஒரு விரல் நுழைந்தது, பிறகு இரண்டு. ஒருநாள் குனிந்து சிரட்டையை எடுத்தபோது அது தானாக வழுக்கி மணிக்கட்டில் வந்து விழுந்தது. அவன் அக்காவிடம் சொல்லவில்லை. பதுளைத் தேர் பார்க்கப் போவதாகக் கங்காணியிடம் லீவு கேட்டு, ஓப்பநாயக்கவுக்குப் போனான்.

தை மாதம் மாமன் வந்து, நிச்சயத்துக்கு வைத்த சேலையைச் சுப்பம்மாவின் முன்னால் வைத்தார்.

"அவனே வந்து சொல்லிட்டுப் போனான்மா. 'அப்பா நோய் எனக்கும் வந்திருச்சு மாமா, பொண்ண வேற எடத்துல குடுங்க'ன்னு கைய நீட்டினான். வளையம் கழண்டு விழுது. ஒங்கப்பன் கெடந்த கெடைய நானும் பாத்தவன்தானே. கலவானையில நல்ல எடம் வந்துச்சு. தாலி கட்டியாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா."

"அவன்தான் வேணாம்னான். அக்கா விடமாட்டான்னான்."

மாமன் எழுந்து போன பிறகும் சேலை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

மூக்கையா வேலை முடிந்து வந்ததும் அவள் சேலையைக் காட்டினாள். அவன் சட்டைக் கையை ஏற்றி வளையத்தைக் காட்டினான். மாவனல்லையிலிருந்து துணி மூட்டையோடு வரும் வியாபாரி நிலாம் நானா அப்போது வாசலில் இருந்தார். கல்யாணத்துக்கென்று சுப்பம்மா சொல்லிவைத்திருந்த வேட்டியைக் கொண்டுவந்திருந்தார். விஷயம் தெரியாமல் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா கையில?"

"அளவு நானா. கை சூம்புறதுக்கு."

நிலாம் நானா வளையத்தை விரலால் இழுத்துவிட்டார். அது இழுத்த இடத்திலேயே தொய்ந்து நின்றது. அவர் பக்கத்தில் கிடந்த இரும்புக் கஜக்கோலை எடுத்துக் காட்டினார்.

"நான் ரப்பர்ல ஒரு கஜக்கோல் செஞ்சு துணி அளந்தா, என்ன உசுரோட வெளிய விடுவீங்களா? பக்குவம் செய்யாத ஒட்டுப்பால், ஒன் ஒடம்புச் சூட்டுல நீளாம என்ன செய்யும்? இது ஒனக்குத் தெரியாதா? நீ வெட்டுற சாமான்தானே."

சொல்லிச் சிரித்தார். யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அவருடைய கண் சேலைமேல் போனது. வேட்டியை மறுபடி மூட்டைக்குள் வைத்துக் கட்டினார்.

ரப்பருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். காயாத ஈர ஷீட் சொந்தப் பாரத்திலேயே தொங்கி நீளுவதை ஸ்டோரில் தினமும் பார்க்கிறவள் அவனுடைய அக்கா. இருந்தும் இந்த வீட்டில் இப்படி நடந்தது. சுப்பம்மா அரிவாள்மனையில் வளையத்தை அறுத்து அடுப்பில் போட்டாள். நாற்றம் லயம் முழுக்கப் பரவியது.

அடுத்த தடவை நிலாம் நானா வந்தபோது, அவரிடம் சொல்லி ஒரு பித்தளைக் காப்பு வாங்கினாள். தம்பியின் முழங்கைக்குக் கீழே அதைப் போட்டு, கொல்லனிடம் கூட்டிப்போய் இறுக்கச் செய்தாள்.

"இது நீளாது. இது கழண்டு விழுந்தா எங்கிட்ட வா. அது வரைக்கும் வாயத் திறந்து காட்டாத."

காப்பு கழலவில்லை. வருஷங்கள் போயின. ரப்பர் விலை விழுந்து, ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய காலத்திலும் தோட்டம் அவனை விடவில்லை. அவனைப்போல வெட்டுகிறவன் இல்லை என்று சுப்பம்மா இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். துடிப்பும் போகவில்லை. கையில் நின்றால் காலில், காலில் நின்றால் இமையில். வேறு பெண் பார்ப்பதாக அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும், "இன்னும் ஒரு வருஷம் பாப்போம்க்கா" என்றான்.

ஒரு மாரியம்மன் திருவிழாவுக்கு வெள்ளையம்மா மாமனோடு வந்திருந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. கோவில் பந்தலில் மூக்கையாவுக்கு முன்னால் நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்தாள். காப்பு சதைக்குள் பதிந்து கிடந்தது.

"இன்னும் துடிக்குதா மச்சான்?"

"துடிக்குது."

"கை அப்படியேதான் இருக்கு."

இடுப்புப் பிள்ளை எட்டிக் காப்பைப் பிடித்து இழுத்தது. அது அசையவில்லை. வெள்ளையம்மா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு பொம்பளைகள் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் விடியுமுன் சுப்பம்மா கதவைத் திறந்தபோது, அவன் வாசலில் வாளியைத் தூக்கிக் கையை நீட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் இறக்கிவைக்கும் வரைக்கும் கதவு நிலையில் சாய்ந்து காத்திருந்து, பிறகு தேத்தண்ணிக்கு அந்த வாளியிலிருந்தே தண்ணீர் மொண்டாள்.