மொட்டைமாடிச் சாவி

எங்கள் சித்தியை அந்தக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும், அதனால் டேப் அக்கா. அம்மாவின் தங்கை, கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்துவிட்டவள். திரைச்சீலை தைப்பது தொழில். வாய் கொஞ்சம் நீளம். அவள் இருக்கும் வீட்டுக்கு ரேடியோ எதற்கு என்பார் அப்பா. அந்தச் சத்தம் போய் ஒரு மாதமாகிறது. வீட்டின் அமைதியைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

பல வருஷங்களுக்கு முன், நாங்கள் அந்தக் கட்டடத்தில் குடியிருந்தபோது, மொட்டைமாடியில் காலி மாத்திரை அட்டைகள் கிடக்க ஆரம்பித்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பையன்கள் போதைக்குப் போட்டுக்கொள்கிறார்கள் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. அவர்களில் ஒருவன் என் அண்ணன். கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அம்மா அவன் சட்டைப்பையைத் துழாவுவதையே நிறுத்தியிருந்தாள், எதுவும் கிடைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில்.

குடியிருப்போர் கூட்டத்துக்குச் செயலாளர் பெரிய பூட்டோடு வந்தார்.

"மாடியப் பூட்டிட்டா பிரச்சினை தீர்ந்துது."

"உங்களுக்குத் தீரும். பசங்க வேற மாடி பாத்துப்பாங்க, அங்க நம்ம கண்ணு எட்டாது. சாவிய என்கிட்ட குடுங்க. எனக்கு மேல வேலை இருக்கு," என்றாள் சித்தி.

மறுநாள் தையல் மெஷின் மாடி ஏறியது. தொட்டியின் நிழலில், சரியாக அவர்கள் உட்காரும் இடத்தில். பையன்கள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூட அரங்கத்துக்குத் திரைகள் தைக்க ஒத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நீளத் துணியை விரித்து வெட்ட நாலு மூலையிலும் ஆள் வேண்டும். "சும்மாதானே நிக்கிறீங்க, இதப் பிடிங்கடா" என்று ஆரம்பித்தாள். துணி காயப்போட வந்த பெண்கள் வம்பு பேச நின்றார்கள். நாலாம் மாடிக்காரர் கேரம் பலகையைத் தூக்கி வந்தார். சாயங்காலமானால் கால் வைக்க இடமிருக்காது. அப்படிப்பட்ட சாயங்காலங்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. சில பையன்கள் நழுவிவிட்டார்கள். அண்ணன் நின்றான்.

ஒருநாள் அவன் பிடித்த மூலை நிற்கவில்லை. கை நடுங்கித் துணி இழுபட, கத்தரி கோணலாக ஓடிவிட்டது. திரையின் ஒரு பக்கம் ஒரு சாண் குறைந்தது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"அவன ஏன் பாக்குறீங்க? தப்பா வெட்டினது நான்," என்றாள் சித்தி.

கூட்டம் கலைந்ததும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளாடா?"

"என்னது சித்தி?"

"உனக்காக ஊர்கிட்ட பொய் சொல்லிட்டேன். என்கிட்டயாவது நீ உண்மையச் சொல்லு."

அவன் உடைந்து அழுதான். "விடத்தான் பாக்குறேன். விட்டா கை இப்படி ஆடுது."

"தனியா விட முடியாது. டாக்டர்கிட்ட போலாம். நான் வரேன்."

போனாள். அவளால் முடியாதபோது செயலாளரே வண்டியில் கூட்டிப்போனார், வழியெல்லாம் அரசியல் பேசி அவன் உயிரை வாங்கிக்கொண்டு. முதலில் தாம்தூம் என்று குதித்த அப்பாவும் மருத்துவமனை வராந்தாவில் போய் உட்கார்ந்தார். குறைந்த திரைக்குச் சித்தி வேறு நிறத்தில் கரை வைத்துத் தைத்தாள். பள்ளிக்கூடத்தார் அதைப் பார்த்துவிட்டு எல்லாத் திரைக்கும் அப்படியே வேண்டும் என்றார்கள். "பாத்தியா, உன் டிசைன்" என்று அவனைச் சீண்டினாள்.

ஆனாலும் நடுவில் ஒருமுறை மறுபடி போட்டுவிட்டான். அவனே வந்து சொன்னான்.

"மாடியப் பூட்டிடுங்க சித்தி. ஆள் இல்லாத நேரமாப் பாத்து கால் அங்கதான் போகுது. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

சித்தி நாடாவின் நுனியில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே பூட்டு. காலைல நீயே திற. ஈரத்துணியோட ஆளுங்க நிப்பாங்க, லேட் பண்ணாத."

அந்தக் கட்டடம் இருந்தவரை அவன்தான் திறந்தான், அவன்தான் பூட்டினான். பிறகு அதை இடித்துவிட்டார்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம், சித்தி என்னோடு வந்துவிட்டாள். போன மாதம் சித்தியைச் சுடுகாட்டில் வழியனுப்பிவிட்டு வந்த அண்ணன், வண்டிச் சாவியை மேஜைமேல் போட்டான். அதே வளையத்தில் மாடிச் சாவியும் இருந்தது. தலை நரைத்த மனிதன், பிள்ளை குட்டிக்காரன்.

"இத இன்னுமா வச்சிருக்க அண்ணா?"

"சித்திகூடவே வச்சு அனுப்பிடலாம்னுதான் எடுத்துட்டுப் போனேன்," என்றான். "குடுக்க முடியல. எனக்கு இன்னும் வேண்டியிருக்கு."